ஜோடிச் செடி

என்னைச் செடி வகுப்பில் சேர்த்துவிட்டவள் என் மகள். செடிகளுக்கு நல்லது நடக்கட்டும் என்று அல்ல, அவள் வீட்டுக்காரருக்கு நல்லது நடக்கட்டும் என்று. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் எல்லோரோடும் சண்டைக்கு நிற்கிறேனாம். பால் போடுகிறவர், மேல்வீட்டுக்காரர், லிஃப்ட் பழுது பார்க்க வருகிறவர், கடைசியாக மருமகன். மற்றவர்களோடு போட்டது சண்டைதான், ஒப்புக்கொள்கிறேன். மருமகனிடம் நான் சொன்னது வெறும் கருத்து. அதை விளக்க ஆரம்பித்தபோது, “இதைத்தாம்மா சொல்றேன்” என்று மகள் போனை வைத்துவிட்டாள். மறுவாரம் அந்த வகுப்பில் என் பெயர் இருந்தது.

நான் வேலை பார்த்தது ஒரு டெலிபோன் கம்பெனியின் புகார் பிரிவில். லைன் செத்துவிட்டது என்று கத்துகிறவர்களிடம், “உங்கள் புகார் கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது” என்று தேன் ஒழுகச் சொல்வது என் வேலை. கவனத்தில் எடுத்துக்கொண்டவர் யார் என்று எனக்கே தெரியாது. எந்தக் காலத்தில் சரியாகும் என்று கேட்டால், “விரைவில்” என்று சொல்ல வேண்டும். சரியாகவே ஆகாது என்று தெரிந்தால், “மிக விரைவில்” என்று சொல்ல வேண்டும். காலம் முழுக்க அந்தக் குரலில் பேசியே தொண்டை இனித்துப் போனதால்தான் ஓய்வுக்குப் பிறகு வாயைத் திறந்தாலே உண்மை வந்து விழுந்தது. வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை.

வகுப்பின் பெயர் ‘பசுமைத் துணைவர் பயிற்சி’. மனசு உடைந்தவர்களைச் செடிகளைக் கொண்டு தேற்றுவது எப்படி என்று கற்றுத்தருவார்கள், முடிவில் சான்றிதழ் தருவார்கள். ஊர் எல்லையில் இருந்த ஒரு மன ஓய்வு இல்லத்தில் பயிற்சி நடந்தது. நீளமான இரண்டு மாடிக் கட்டடம். நடுவில் புல்வெளி, பின்னால் ஒரு தகரக் கொட்டகை. சுவர்களுக்கெல்லாம் வெளிர்பச்சை அடித்திருந்தார்கள். மருந்து வாசனை வந்துவிடக் கூடாது என்று வராந்தாவில் எலுமிச்சை மணம் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எனக்கு எலுமிச்சைமேல் வெறுப்பு வந்துவிட்டது.

பாடம் நடத்தியவர், “நான் ஆசிரியர் இல்லை, வெறும் தோட்டக்காரன்” என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அத்தனை வெள்ளையான தோட்டக்காரரை நான் பார்த்ததில்லை. சட்டை வெள்ளை, கால்சட்டை வெள்ளை, நகம்கூட வெள்ளை. மண்ணைத் தொட வேண்டிய கட்டம் வரும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு, “மண்ணை உணருங்கள்” என்பார். உணர்வது எங்கள் பொறுப்பு. நான் அவருக்கு மனசுக்குள் வெள்ளைச்சட்டை என்று பேர் வைத்துவிட்டேன். என் பக்கத்து நாற்காலியில் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா உட்காருவார். வெள்ளைச்சட்டை மூச்சு இழுத்தாலே அவர் ஆமாம் என்று தலையாட்டுவார். அவருக்குத் தலையாட்டி அக்கா என்று பேர் வைத்தேன்.

முதல் நாள் முழுக்கச் சொற்கள். இல்லத்தில் இருப்பவர்கள் நோயாளிகள் அல்ல, விருந்தாளிகள். அவர்கள் கோபப்பட்டால் அது கோபம் அல்ல, முள். அழுதால் அழுகை அல்ல, உள்நீர்ப் பாய்ச்சல். குப்பைக்குழிக்கு மறுவாழ்வுக் குழி என்று பெயர். எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று இருந்தது. செடி சாகாது. அந்தச் சொல்லை விருந்தாளி முன்னால் யாரும் சொல்லக் கூடாது. இலை உதிர்ந்து, தண்டு கறுத்து, வேர் அழுகி நாறினாலும் அது ‘ஓய்வெடுக்கிறது’. புகார் பிரிவில் இவரை வைத்திருந்தால் கம்பெனியே இவர் பேரில் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள்தான் கொட்டகையைத் திறந்து காட்டினார். அங்கேதான் அந்த இல்லத்தின் நிஜமான வித்தை இருந்தது. விருந்தாளிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு செடிக்கும் அதே உயரத்தில், அதே நிறத்தில், அதே மாதிரித் தொட்டியில் இன்னொரு செடி அங்கே வளர்ந்துகொண்டிருந்தது. அதற்கு ஜோடி என்று பெயர். ஒன்று போனால் அந்த இடத்துக்கு அடுத்தது தயாராக இருக்கும். விருந்தாளியின் செடி ‘ஓய்வுக்கு’ப் போக ஆரம்பித்தால், அவர் சாப்பாட்டு அறைக்குப் போயிருக்கும் நேரத்தில் துணைவராகிய நாங்கள் போய் அதை எடுத்துவிட்டு ஜோடியை வைத்துவிட வேண்டும். திரும்பி வருகிற விருந்தாளி, தன் செடி தேறிவிட்டதைப் பார்ப்பார். தன் கையால் ஒரு உயிர் தேறியது என்ற நம்பிக்கை வரும். அந்த நம்பிக்கையில் அவரும் தேறுவார்.

“இது ஏமாத்துறது இல்லையா?” என்று கேட்டேன்.

வெள்ளைச்சட்டை என்னைக் கனிவோடு பார்த்து, எனக்குள் ஒரு முள் இருப்பதாகச் சொன்னார். தலையாட்டி அக்கா ஆமாம் என்று தலையாட்டினார்.

எனக்கு ஒதுக்கப்பட்ட விருந்தாளி ஒரு டிராயிங் டீச்சர். ஓய்வு பெற்றவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், ஒல்லி, நேரான முதுகு. மேல்மாடியில் கடைசி அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, வெந்நீர் ஃப்ளாஸ்க், புல்வெளியைப் பார்த்த ஜன்னல். கணவர் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. டீச்சரைப் பற்றி எனக்குத் தரப்பட்ட குறிப்பில், கணவருக்குச் செடிகள் என்றால் உயிர், வீட்டு மொட்டைமாடி முழுக்கத் தொட்டிகள், ஆகவே செடிவழித் தேற்றல் இவருக்கு மிகப் பொருத்தம் என்று இருந்தது. நான் ரோஸ் நிறப் பால்சம் செடி ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடி புன்னகைத்து, கதவைத் தட்டினேன்.

“எனக்குச் செடி பிடிக்காது” என்றார் டீச்சர்.

செடிமேல் உயிராக இருந்தது அவர் கணவர். இவர் அதே செடிகளோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டவர். துணி காயப்போட மாடியில் இடம் கிடையாது, வீடெல்லாம் மண், கீழ்வீட்டுக்காரர் மேல் தண்ணீர் சொட்டி வம்பு. வெளியூர் போனால் மனுஷர் பாதியில் திரும்பி வந்துவிடுவாராம், ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்ற. இப்போது அவர் போனதும், துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு தொட்டியோடு வந்தார்கள் என்று டீச்சர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விருந்தாளி முன்னால் சிரிக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். டீச்சரும் சிரித்தார். அன்றே எங்களுக்குள் ஒத்துப்போய்விட்டது. நான் எங்கே வேலை பார்த்தேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, எனக்குப் புகாரம்மா என்று பேரும் வைத்தார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டுச் சாவி மகனிடம் இருந்தது. இல்லத்தில் சரி என்று சொன்னால் உடனே கூட்டிப்போகிறேன் என்று மகன் சொல்லியிருந்தார். சரி என்று சொல்ல வேண்டியவர் வெள்ளைச்சட்டை. பயிற்சி முடிவில் ‘மலர்ச்சி நாள்’ என்று ஒரு விழா வைத்து, ஒவ்வொரு விருந்தாளியும் தன் செடியை ஏந்தி வந்து நிற்க, அதன் செழிப்பைப் பார்த்து அவர் முடிவு சொல்வார். பால்சம் பச்சையாக இருந்தால் டீச்சர் வீட்டுக்குப் போகலாம். வாடியிருந்தால் இன்னும் ஒரு பருவம் எலுமிச்சை வாசனை. படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு இது.

இது தெரிந்தும் டீச்சர் முதல் வாரமே செடியைக் கொன்றார். ஃப்ளாஸ்க்கில் இருந்த கொதிநீரை வேரில் ஊற்றிவிட்டார். நான் போனபோது அது தலையைத் தொங்கப்போட்டுக் கூழாகிக் கிடந்தது.

“செத்துப்போச்சா?” என்று கேட்டார்.

“ஓய்வெடுக்குது டீச்சர்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார். நான் ஜோடியைக் கொண்டு வந்து வைத்தேன். திரும்பி வந்தவர் தொட்டியை ஒரு தரம்தான் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பூந்தொட்டி வரையச் சொல்லியே காலத்தை ஓட்டியவர், இலை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று அவருக்குத் தெரியாமல் போகுமா? அடுத்த வாரம் அதற்கும் கொதிநீர். மறுபடியும் அதே கேள்வி, அதே பதில், இன்னொரு ஜோடி. மூன்றாவது முறை எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு, வீட்டுக்குப் போக ஆசையா இல்லையா, இப்படிப் பிடிவாதம் பிடித்தால் யாருக்கு நஷ்டம் என்று மருமகனிடம் பேசுகிற குரலில் கேட்டேன்.

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் அவர் ராப்பகலாகக் கணவர் பக்கத்தில்தான் இருந்தார். ஒரு நாள் விடிகிற நேரத்தில் மகன் வந்து, அப்பா நன்றாகத் தேறி வருகிறார், நீ வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நிம்மதியாக வா என்று அனுப்பிவைத்தார். நர்ஸும் அதையே சொன்னார், டாக்டரும் அதையே சொன்னார். குளித்துவிட்டு வந்தபோது கட்டில் காலி. எப்போது போனார் என்று டீச்சர் கேட்டார். அமைதியாகப் போனார் என்றார்கள். அமைதியாகவா என்று நான் கேட்கவில்லை, எப்போது என்று கேட்கிறேன் என்றார். தூக்கத்திலேயே போனார் என்றார்கள். காரியத்துக்கு வந்தவர்கள், மகன், மருமகள், டாக்டர் எல்லோரிடமும் அந்த ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அழவே இல்லை. கேட்டதையே கேட்கிறாள், அழவும் மாட்டேன் என்கிறாள், புத்தி தடுமாறிவிட்டது என்று முடிவு செய்து இங்கே கொண்டு வந்து விட்டார்கள்.

“இங்க வந்தா இன்னும் மோசம், புகாரம்மா. இங்க செடிகூடச் சாக மாட்டேங்குது. ஒருத்தர் வாயில இருந்தாவது செத்துப்போச்சுன்னு வருமான்னு பார்க்கத்தான் வெந்நி ஊத்தினேன்” என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். செத்துப்போச்சு என்று நான்கு பேருக்குக் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு அவரை வீட்டுக்கு அனுப்பிவைக்கிற ஆசை முந்திக்கொண்டது. நான் உருப்படியான யோசனை என்று நினைத்து ஒன்று சொன்னேன். மலர்ச்சி நாள் முடியும்வரை இந்த வெந்நீர் வேலையை நிறுத்தி வையுங்கள். செடியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மேடையில் நின்று, இதை நான்தான் வளர்த்தேன், மனசு லேசாகிவிட்டது என்று இரண்டு வரி சொல்லுங்கள். வெள்ளைச்சட்டை பூரித்துப்போய் அனுப்பிவைப்பார். வீட்டுக்குப் போய் யாரை எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.

“வளர்த்தாத்தானே வளர்த்தேன்னு சொல்ல முடியும். பொய் சொல்ல வேணாம், வளர்த்தே காட்டுறேன்” என்றார் டீச்சர்.

புது ஜோடி ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தேன், சொன்னபடியே செய்தார். செடியே பிடிக்காத அந்த மனுஷி, ஜன்னல் வெயில் நகர நகரத் தொட்டியையும் நகர்த்தி வைத்தார். அவர் கணவர் விரலால் மண்ணைக் குத்திப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றுவாராம், இவரும் குத்திப் பார்த்தார். மொட்டு விட்டபோது எனக்கு முதலில் காட்டிவிட்டு, ஒன்றும் பெரிதாக இல்லை என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். கணவர் ரோஜாவோடு பேசுவதைக் கேலி செய்ததைச் சொன்னார். பேசிக்கொண்டே பால்சத்திடம், “என்ன பார்க்குற?” என்று ஒரு அதட்டல் போட்டார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வகுப்பில் என்னென்னவோ கற்றுத்தந்தார்கள், இந்த மாதிரி நேரத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று மட்டும் கற்றுத்தரவில்லை.

மலர்ச்சி நாளுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை போனேன். செடி சரியாக இல்லை. அடித்தண்டு பழுப்பேறி மெத்தென்று இருந்தது. இந்த முறை வெந்நீர் இல்லை, யாரும் ஒன்றும் செய்யவில்லை. வேர் தானாக அழுகியிருந்தது. செடிகளுக்கு அப்படி ஆகும், எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் ஆகும். டீச்சர் காலையிலிருந்தே அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“எப்படி இருக்கு? பிழைச்சுக்குமா?” என்று கேட்டார்.

நான் என் பழைய குரலை எடுத்தேன். அது எங்கேயும் போய்விடவில்லை, தொண்டையிலேயே இருந்திருக்கிறது. “நல்லாத் தேறிட்டு வருது டீச்சர். நீங்க நிம்மதியாப் போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க” என்றேன்.

அவர் போனார். நான் அதை எடுத்துக்கொண்டு போய் மறுவாழ்வுக் குழியில் போட்டேன். ஜோடியைக் கொண்டு வந்து, அவர் வைத்திருந்த அதே இடத்தில், வெயில் படுகிற மாதிரி வைத்தேன். மொட்டுக்கூடப் பொருத்தமாக ஒன்று பார்த்து எடுத்தேன். அவர் திரும்பி வருவதற்குள் கிளம்பிவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது எனக்கு என்மேல் பெருமையாகவே இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு மனுஷியை வீட்டுக்கு அனுப்பிவைக்கப் போகிறேன் என்ற பெருமை.

மலர்ச்சி நாளன்று புல்வெளியில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உறவினர்கள் வந்திருந்தார்கள். டீச்சரின் மகன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தொடுகிற வயது, நல்ல மாதிரி, ஆனால் யார் கண்ணையும் ஒரு நிமிஷத்துக்கு மேல் பார்க்காதவர். போனில் மொட்டைமாடிச் செடிகளின் படத்தை எனக்குக் காட்டி, எல்லாம் நன்றாக இருக்கிறது, அம்மாவுக்கும் அனுப்பியிருக்கிறேன் என்றார். படத்தில் ரோஜா பூத்துக் குலுங்கியது. வெள்ளைச்சட்டை மைக்கைப் பிடித்துக்கொண்டு, தான் வெறும் தோட்டக்காரன் என்பதை நீண்ட நேரம் விளக்கினார். தலையாட்டி அக்காவின் விருந்தாளி ஒரு பெரியவர். அவர் தன் பெகோனியாவை ஏந்திக்கொண்டு, இது என் கையால் மூன்று தடவை பிழைத்தது என்றார். கைதட்டல். அந்தப் பெகோனியா அன்று காலைதான் கொட்டகையை விட்டு வெளியே வந்தது என்பது எனக்கும் அக்காவுக்கும் தெரியும். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது நாங்கள். டீச்சர் மேடையில் தொட்டியோடு நின்றார். பால்சம் ரோஸ் நிறத்தில் பூத்திருந்தது. இரண்டு வரிதான் சொல்ல வேண்டும். வெள்ளைச்சட்டை மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தார். டீச்சர் செடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நான் வளர்த்தது இது இல்ல” என்றார்.

மகன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். வெள்ளைச்சட்டை சிரித்துக்கொண்டே, நாமெல்லாம் ஒவ்வொரு நாளும் புதிதாகப் பிறக்கிறோம், செடியும் அப்படித்தான் என்று சமாளிக்கப் பார்த்தார். டீச்சர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“வெந்நி ஊத்தினதெல்லாம் போகட்டும். இது நான் பார்த்துப் பார்த்து வளர்த்தது. எங்க அது?” என்றார்.

எனக்குத் தெரியும், நான் வாயைத் திறந்தால் அவர் வீட்டுக்குப் போவது அத்தோடு போயிற்று. சான்றிதழ் போனால் போகட்டும், மகளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் இந்த அம்மா இன்னும் எத்தனை மாதம் அந்தக் கடைசி அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும்? ‘தேறிவிட்டது’ என்று ஒரு சொல் சொன்னால் இன்றைக்கே பெட்டி கட்டலாம். அந்தச் சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர் கடைசியாக ஒரு தரம் கேட்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

“செத்துப்போச்சு டீச்சர்” என்றேன்.

“எப்போ?”

“செவ்வாய்க்கிழமை மத்தியானம். நீங்க சாப்பிடப் போயிருந்தப்ப. தேறிட்டு வருதுன்னு நான் சொன்னது பொய். அப்பவே முடிஞ்சுபோச்சு. நான்தான் எடுத்துட்டுப் போய்க் குழியில போட்டேன். உங்களுக்குக் காட்டியிருக்கணும், காட்டல.”

மைக் இதையெல்லாம் புல்வெளி முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. டீச்சர் தொட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். அப்படியே மேடைப் படியில் உட்கார்ந்தார். பிறகு அழுதார். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல், சில மாதங்களாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் புடவை முந்தானை இரண்டும் நனைந்துபோயின.

எல்லாம் பாழாய்ப் போனது என்று நான் நினைத்திருந்தேன். வெள்ளைச்சட்டையைக் குறைவாக மதிப்பிட்டுவிட்டேன். அவர் ஒரு நிமிஷம் வெலவெலத்து நின்றார். அடுத்த நிமிஷம் கண்ணை மூடி, கையை விரித்து, “உள்நீர்ப் பாய்ச்சல்!” என்று மைக்கில் அறிவித்தார். இதற்காகத்தான் இத்தனை நாளும் காத்திருந்தோம் என்றார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தலையாட்டி அக்காவின் தலை கழன்று விழாதது ஆச்சரியம். டீச்சர் பூரணமாக மலர்ந்துவிட்டார், இன்றே வீட்டுக்குப் போகலாம் என்று முடிவும் சொல்லப்பட்டது. எனக்குச் சான்றிதழும் கிடைத்தது, அதில் ‘மிகச் சிறப்பு’ என்று வேறு போட்டிருந்தார்கள். அடுத்த பயிற்சியில் ஒரு புதுப் பாடம் சேர்த்திருக்கிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். துணைவர் ஒரு செடியைக் கவனமாகச் சாகடித்து, தகுந்த நேரம் பார்த்து, தகுந்த குரலில் விருந்தாளியிடம் அதைச் சொல்ல வேண்டுமாம். அதற்குக் கண்டுபிடிப்பாளர் வெள்ளைச்சட்டைதான்.

வீட்டுக்குப் போகும்போது துணைவரும் கூடப் போய், செடியை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும் என்பது இல்லத்தின் வழக்கம். மகன் காரை ஓட்ட, டீச்சர் முன்னால் உட்கார, நான் பின்னால் அந்த ஜோடிப் பால்சத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகன் கண்ணாடியில் என்னை அடிக்கடி பார்த்தார். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது, ஆனால் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அதைக் காட்டுகிற தகுதி எனக்கு இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் டீச்சர் உட்காரக்கூட இல்லை, நேராக மாடிப்படி ஏறினார். “அம்மா, முதல்ல தண்ணி குடி, அப்புறம் போகலாம்” என்று மகன் பின்னாலேயே ஓடினார். மொட்டைமாடிக் கதவு திறந்தது.

ஒன்றுகூட உயிரோடு இல்லை. தொட்டி தொட்டியாகக் காய்ந்த குச்சிகள். ரோஜா முள் மட்டும் மிச்சம். மண் பிளந்து, தொட்டி ஓரத்திலிருந்து விலகி நின்றது. போனில் இருந்த படம் எப்போதோ, அவர் அப்பா இருந்தபோது எடுத்தது. மகன் அவசர அவசரமாக, வேர் இருக்கும்மா, நாலு நாள் தண்ணி ஊத்தினா துளிர்த்துடும் என்று ஆரம்பித்தார். பிறகு பாதியில் நிறுத்தினார். டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். என்னை மேடையில் பார்த்தாரே, அதே பார்வை.

மகன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“செத்துப்போச்சும்மா. எல்லாம் செத்துப்போச்சு. நான் ஒரு நாள்கூட மேல ஏறி வரல. ஏற முடியல” என்றார். மறுபடி பேசினார். “அப்பாவும் அப்படித்தாம்மா. உன்னை அனுப்பும்போதே டாக்டர் சொல்லிட்டார், இன்னும் கொஞ்ச நேரம்தான்னு. நீ பார்க்க வேணாம்னு நினைச்சேன். ஆறேகாலுக்குப் போயிட்டார். நான் கையைப் பிடிச்சிட்டிருந்தேன். நீ எங்கன்னு கேட்டார். குளிக்கப் போயிருக்கான்னு சொன்னேன்.”

கீழ்வீட்டில் யாரோ மிக்ஸி போட்டு நிறுத்தினார்கள்.

“ஆறேகாலுக்கு நான் குளிக்கல” என்றார் டீச்சர். “அவர் சட்டையை இஸ்திரி போட்டுட்டிருந்தேன். தேறிட்டு வர்றார்னு சொன்னியே, வீட்டுக்கு வரும்போது போட்டுக்கட்டும்னு.”

மகன் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். டீச்சர் போய் அவர் தலையில் கையை வைத்தார். அணைத்துக்கொள்ளவில்லை, மன்னித்துவிட்டேன் என்று சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்திருந்துவிட்டு எடுத்தார். பிறகு புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, முதல் தொட்டியைச் சாய்த்து, காய்ந்த ரோஜாவை வேரோடு பிடித்து இழுத்தார். மகன் எழுந்து வந்து தொட்டியைப் பிடித்துக்கொண்டார்.

நான் ஜோடிப் பால்சத்தைக் கதவோரமாக வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் கிளம்பப் பார்த்தேன். டீச்சர் திரும்பிப் பார்க்காமலே கூப்பிட்டார்.

“புகாரம்மா, அதை எடுத்துட்டுப் போங்க. எனக்குச் செடி பிடிக்காதுன்னு முதல் நாளே சொன்னேன்.”

எடுத்துக்கொண்டு வந்தேன். இப்போது அது என் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. தினமும் ஊற்றுகிறேன். நன்றாக இல்லை, இலை மஞ்சளாகிவிட்டது. நேற்று மகள் போன் செய்து செடி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். செத்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன்.